பொத்தானை அமுக்கிய கை

அத்தியாயம் 14

ராடோய் இறந்து முப்பத்தெட்டு நாள் ஆனதோடு போன வார அத்தியாயத்தை நிறுத்தினோம். இன்றைக்கு முப்பத்தொன்பது. நாளைக்கு நாற்பதாம் நாள் பூசை. அதோடு ஆத்மா சுற்றியதெல்லாம் போதும் என்று கிளம்பிவிடும் என்பது லோவெச் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.

அவர் கிளம்புவாரா என்பதில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம்தான். உயிரோடு இருந்தபோதே யார் சொல்லியும் கிளம்பாத மனுஷன்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பஸ் டிப்போவில் எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்ற ராடோய், ஜனவரி மாதத்து உறைபனியில், பேட்டரிக்கு சார்ஜ் போடப் போன இடத்தில், தன் பழைய மாஸ்க்விச் காரின் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபடியே இறந்துபோனார். குடியிருப்புக்குப் பின்னால் வரிசையாக இருக்கும் கார் ஷெட்டுகளில் கடைசி ஷெட் அவருடையது. இரவு ஒன்பது மணிக்குப் பக்கத்து வீட்டு ஸ்டாமென் தேடிப் போனபோது சார்ஜர் ஓடிக்கொண்டிருந்தது. ராடோய் ஓய்ந்திருந்தார்.

அந்த சார்ஜரை வாங்கிக் கொடுத்தது மகன் திஹோமிர், வீட்டில் திஷோ. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பிறந்தநாள் பரிசாகக் கொண்டுவந்தான். தானாகவே சார்ஜ் ஏற்றி, நிறைந்ததும் தானாகவே நிறுத்திக்கொள்ளும் ஆட்டோமேட்டிக் சார்ஜர். "பேட்டரி நிறைஞ்சுதா இல்லையான்னு எனக்கு ஒரு டப்பா சொல்லணுமா?" என்று விருந்தாளிகள் முன்னால் ராடோய் கேட்டார். திஹோமிர் பதிலுக்கு ஒன்று சொன்னான். அதற்கப்புறம் அப்பாவும் பிள்ளையும் பேசிக்கொள்ளவே இல்லை.

இனி இன்றைக்கு நடந்தது.

காலை ஒன்பதே முக்கால். நாலாவது மாடிச் சமையலறையில் ராடோயின் மனைவி வெலிகா வேகவைத்த கோதுமையை வெள்ளைத் துணியில் பரப்பிக்கொண்டிருந்தாள். பூசைக்கு வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு கரண்டி கொடுக்க வேண்டும். ஈரம் போகாவிட்டால் புளித்துவிடும், புளித்தால் செத்தவர் முகம் சுளிப்பார் என்பது அவள் பயம். மூத்த மகள் டிலியானா பக்கத்தில் உட்கார்ந்து வால்நட் உடைத்துக்கொண்டிருந்தாள். பிளெவெனில் மருந்துக்கடை வைத்திருப்பவள். அப்பா போன நாளிலிருந்து வாராவாரம் வந்துபோகிறாள்.

ஃபிரிட்ஜ் சத்தம் நின்றது.

"போச்சு, கரண்ட்" என்றாள் டிலியானா.

வெலிகா கோதுமையை அப்படியே விட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடினாள். அறுபத்தெட்டு வயசுக்கு அந்த வேகம் அதிகம். ஷெட் கதவில் கையகலத்துக்கு ஒரு கண்ணாடி உண்டு. அதற்குள் ஒரு பச்சைப் புள்ளி தெரியும். முப்பத்தொன்பது நாளாக இரவும் பகலும் அவள் பார்த்துக்கொண்டிருக்கிற புள்ளி அது. இப்போது காணோம்.

இந்தப் பச்சை விளக்குக்கு ஒரு கதை உண்டு. உயிர் போன இடத்தில் நாற்பது நாள் விளக்கு எரிய வேண்டும் என்று பாதிரியார் சொல்லியிருந்தார். பெட்ரோல் நெடி அடிக்கிற ஷெட்டில் எண்ணெய் விளக்கு ஏற்றினால் நாற்பது நாள் ஆகாது, நாலே நிமிஷத்தில் வரிசை மொத்தமும் ராடோய் பின்னாலேயே போய்விடும். வெலிகா யோசித்தாள். அவர் கடைசியாகக் கை வைத்தது அந்த சார்ஜர். அதில்தான் விளக்கு எரிகிறதே. அதையே விளக்காக வைத்துக்கொண்டாள். ஒருத்தரையும் கழற்ற விடவில்லை. தினமும் காலையில் ஒரு கப் காப்பி கொண்டுபோய் வண்டியின் மூக்கில் வைத்துவிட்டு வருவாள். காருக்குள் பின்னால் பார்க்கும் கண்ணாடியைக் கூட அவருடைய கைக்குட்டையால் மூடியிருந்தாள், சாவு வழக்கப்படி வீட்டுக் கண்ணாடிகளை மூடியது போலவே.

பத்து நிமிஷத்தில் ஃபிரிட்ஜ் மறுபடி முனகியது.

"டிலி, என் கை பூரா கோதுமை. நீ கீழே போய் அந்தப் பொத்தானை அமுக்கிட்டு வா."

"எந்தப் பொத்தான்?"

"சார்ஜர் பொத்தான். நடுவுல இருக்கும்."

"எதுக்கும்மா? கரண்ட் வந்துடுச்சே, அதுவே ஓடும். பேரே ஆட்டோமேட்டிக்."

"பேருதான். கரண்ட் போய் வந்தா அது சும்மா உட்கார்ந்திருக்கும். யாராவது அமுக்கணும்."

அம்மா இதைச் சொன்ன விதம் டிலியானாவுக்குப் பிடிக்கவில்லை. மருந்துக்கடைக்கு வந்து, தனக்கு என்ன நோய் என்று தெரிந்துகொண்டே தெரியாத மாதிரி நிற்பவர்கள் இப்படித்தான் பேசுவார்கள். சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

ஷெட் வரிசைக்கு முன்னால் ஸ்டாமென் மண்வெட்டியால் பனிக்கட்டியைக் கொத்திக்கொண்டிருந்தார்.

"உங்கம்மா அனுப்பினாளா? நீ வரலைன்னா அவளே உருண்டு வந்திருப்பா" என்றார். "பாப்பா, நாளைக்கு ஆனதும் அந்த வண்டியை என்ன செய்யறதா உத்தேசம்?"

"நாளைக்கு ஆகட்டும் மாமா."

"நான் கேட்கலை. என் முதுகுதான் கேட்குது. பஸ்ஸுல நின்னுக்கிட்டே போக முடியலைங்குது."

அவள் சிரிக்காமல் பூட்டைத் திறந்தாள்.

உள்ளே குளிர் வெளியை விட அதிகம். பானெட் திறந்தே இருந்தது. பேட்டரியிலிருந்து சிவப்பு ஒயரும் வண்டி உடம்பிலிருந்து கறுப்பு ஒயரும் சுவரோரப் பலகைக்குப் போயின. பலகையில் செங்கல் அளவில் சார்ஜர். டிரைவர் சீட்டில் நாற்பது வருஷம் ஒரே ஆள் உட்கார்ந்த பள்ளம். அதைப் பார்க்கக் கூடாது என்று வந்தவள் அதைத்தான் முதலில் பார்த்தாள்.

சார்ஜர் ஓடவில்லை. ஓரத்தில் ஒரு சின்ன வெள்ளை விளக்கு மட்டும் கண்ணடித்துக்கொண்டிருந்தது. அம்மா சொன்னது சரி. கரண்ட் வந்து கால்மணி நேரம் ஆகியும் அது யாருக்காகவோ காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

டிலியானா நடுப்பொத்தானை அமுக்கினாள்.

உள்ளே 'டிக்' என்றது. சின்ன ஃபேன் ஓட ஆரம்பித்தது. பேட்டரி எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு கணம் சோதித்துவிட்டு சிவப்பு விளக்கைப் போட்டது. மின்சாரத்தை முழு வேகத்தில் ஊற்றுகிறேன் என்று அர்த்தம். ஏற்கெனவே நிறைந்த பேட்டரி, அதனால் கொஞ்ச நேரத்தில் மஞ்சளானது. போதும் போலிருக்கிறது, மெதுவாக விடுகிறேன் என்று அர்த்தம். அப்புறம் பச்சை. ஃபேன் நின்றது. இனி அது சார்ஜ் ஏற்றாது. காவல்தான் காக்கும். பேட்டரி தானாக இறங்கினால் இறங்கிய அளவுக்கு மட்டும் ஒரு வாய் கொடுத்துவிட்டு மறுபடி சும்மா இருக்கும். நிறைந்த பேட்டரியை விடாமல் ஊற்றிக் கொதிக்க வைக்காது, காயவும் விடாது. இதை மாதக்கணக்கில் சலிக்காமல் செய்யும்.

டிலியானா கதவைச் சாத்தப் போனவள் நின்றுவிட்டாள்.

அன்றைக்கும் கரண்ட் போனது.

அப்பா இறந்த அன்று சாயங்காலம் ஐந்து மணிக்குப் போய் ஏழு மணிக்குத்தான் வந்தது. ஊரே பேசியது. ஒன்பது மணிக்கு ஸ்டாமென் வந்து பார்த்தபோது சிவப்பு விளக்கு எரிந்தது, ஃபேன் ஓடியது.

அப்படியானால் ஏழு மணிக்குப் பிறகு யாரோ ஒருவர் பொத்தானை அமுக்கியிருக்கிறார்.

அவள் வண்டியைப் பார்த்தாள். கண்ணாடியில் கைக்குட்டை. சீட்டில் பள்ளம். 'அப்பா' என்று வாய்விட்டுச் சொல்லியிருப்பாள், ஸ்டாமெனின் மண்வெட்டிச் சத்தம் மட்டும் கேட்காமல் இருந்திருந்தால்.

பயத்தை மறைக்கப் பலகையை ஒழுங்குபடுத்தினாள். சார்ஜரின் அட்டைப்பெட்டி அங்கேயே இருந்தது. உள்ளே எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லும் சின்னப் புத்தகம். பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படவே இல்லை. அப்பா அதைத் திறந்து பார்த்ததில்லை. அந்த மனுஷனாவது, புத்தகம் படித்து ஒயர் மாட்டுவதாவது. கரண்ட் போய் வந்தால் பொத்தானை அமுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை.

தெரிந்தவன் ஒருத்தன் இருந்தான். வாங்கிக் கொடுத்தவன்.

புத்தகத்தைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு மாடி ஏறினாள்.

வெலிகா கோதுமையைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, கரண்ட் போய் வந்தா அமுக்கணும்னு உனக்கு எப்போ தெரியும்?"

வெலிகாவின் கை நின்றது.

"ஒன்பதாம் நாள்" என்றாள். "அன்னைக்கு ஒரு தடவை போய் வந்துது. விளக்கு எரியலையேன்னு ஓடினேன். ஸ்டாமென்தான் பொத்தானைத் தட்டிப் பார்த்தான். அப்போதான் தெரிஞ்சுது." கொஞ்சம் நிறுத்தினாள். "அப்போதான் எல்லாமே தெரிஞ்சுது."

"என்ன தெரிஞ்சுது?"

"உங்கப்பா ஏழு மணிக்கு உயிரோட இருந்தார்னு."

டிலியானா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"டாக்டர் என்ன சொன்னார்? கரண்ட் போனப்பவே போயிருப்பார், ஒரு நொடியில முடிஞ்சிருக்கும், யாராலயும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதுன்னார். நான் நம்பினேன். எட்டு நாள் நல்லா அழுதேன், தூங்கினேன். ஒன்பதாம் நாள் அந்தப் பொத்தான் வந்து நிக்குது." வெலிகா கையைத் துணியில் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள். "அன்னைக்கு மத்தியானம் சண்டை. திஷோவுக்கு ஒரு போன் போடுங்கன்னேன். அவனுக்கு வழி தெரியும், வரட்டும்னார். அப்போ நீங்க அந்த வண்டியோடவே குடித்தனம் பண்ணுங்கன்னு சொல்லிட்டேன். அதான் நான் அவர்கிட்ட கடைசியாப் பேசினது."

"அம்மா..."

"இரு, முடிக்கலை. ஏழு மணிக்குக் கரண்ட் வந்துது. ஏழரைக்கு ஹாரன் அடிச்சுது. ஒரே தடவை. உனக்குத்தான் தெரியுமே, ஒரு ஹாரன்னா காப்பி, ரெண்டு ஹாரன்னா டார்ச் பிடிக்க ஆள். இன்னைக்கு என்ன தைரியத்துல காப்பி கேட்கறார், வேணும்னா ஏறி வரட்டும்னு நான் எழுந்திரிக்கலை. டி.வி.யைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன், டிலி."

"அது வேற யாரோட ஹாரனாவது இருக்கும்."

"நாற்பது வருஷமாக் கேட்கற ஹாரன். தொண்டை கட்டின ஆடு மாதிரி அது ஒண்ணுதான் கத்தும். அன்னைக்கு இன்னும் மெலிசா கத்திச்சு." வெலிகா மகளை நேராகப் பார்த்தாள். "நீயே யோசி. மத்தியானம் சாவியைத் திருப்பினா டக்குனு கூடச் சத்தம் வரலைன்னு ஸ்டாமென் பார்த்தான். சார்ஜர் மாட்டின கையோட கரண்டும் போயிடுச்சு, செத்த பேட்டரி. அதுக்கு ஹாரன் அடிக்க ஏது சத்து? சார்ஜர் கொஞ்சமாவது ஊத்தின பிறகுதானே அடிச்சிருக்கும்? அப்போ அவர் பொத்தானை அமுக்கியிருக்கார். பத்து நிமிஷம் காத்திருந்து என்னைக் கூப்பிட்டிருக்கார். நெஞ்சு வலியில கூப்பிட்டிருக்கார். நான் போகலை."

கோதுமை ஆவி ஜன்னலில் படிந்திருந்தது. வெலிகா அதை விரலால் வட்டமாகத் துடைத்து வெளியே பார்த்தாள்.

"அந்த டப்பா முப்பத்தொன்பது நாளா முழிச்சுக்கிட்டு ஒரு செத்த வண்டியைப் பார்த்துக்குது. நான் ஒரு அரை மணி நேரம் முழிச்சு என் புருஷனைப் பார்த்துக்கலை. இப்பவும் ஏழரையானா எனக்குக் கேட்குது. தினம் கேட்குது."

டிலியானாவுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. கோபம் அம்மா மேல் இல்லை.

"திஷோ எங்கே?" என்றாள்.

"நோட்டீஸ் ஒட்டப் போயிருக்கான்."

நாற்பதாம் நாள் கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ். ராடோயின் படம், கறுப்புக் கட்டம், பூசை நேரம். வீட்டு வாசல், ரொட்டிக் கடை, டிப்போ கேட், எதிர்த்த மரம் என்று வழியெல்லாம் ஒட்டிக்கொண்டே போயிருந்தான் திஹோமிர். அவன் போன வழியை நோட்டீஸே காட்டியது. அப்பா முகத்தைப் பின்தொடர்ந்து போனாள் டிலியானா.

பஸ் ஸ்டாப்பில் அவன் நின்றுகொண்டிருந்தான். ஒரு கையில் பசை பிரஷ், இன்னொரு கையில் கடைசி நோட்டீஸ். ஸ்டாப்பின் கண்ணாடியில் பசை தடவி அது உறைந்தே போய்விட்டது. ஒட்டாமல் நின்றான்.

முப்பத்து நாலு வயசு. செவ்லியேவோவில் குழாய் வேலை. கண்ணுக்குக் கீழே ஐம்பது வயசுக்காரனுக்கு இருக்கும் கறுப்பு.

டிலியானா புத்தகத்தை எடுத்து நீட்டினாள். "உறை பிரிக்கலை. பார்த்தியா?"

அவன் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததிலேயே அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

"அன்னைக்கு வந்திருந்தே."

"ஆமாக்கா."

"வந்துட்டு, பொத்தானை அமுக்கிட்டு, போயிட்டே."

"பேசித் தீர்த்துக்கலாம்னு ஏழே காலுக்கு வந்தேன். உள்ளே இருட்டு. செல்போன் வெளிச்சத்துல பார்த்தேன். சீட்டுல உட்கார்ந்திருந்தார். கண்ணு மூடியிருந்துது." பிரஷை பசை டப்பாவில் வைத்தான். "உனக்குத்தான் தெரியுமே அந்த வித்தை. பேச இஷ்டமில்லைன்னா கண்ணை மூடிக்குவார். உன் மாமனார் வந்தப்போ மூணு மணி நேரம் மூடிக்கிட்டிருந்தாரே."

"நீ கூப்பிடலையா?"

"நான் எதுக்குக் கூப்பிடணும்? அவர்தானே என்னை எல்லார் முன்னாலயும் பேசினார்? இவ்வளவு தூரம் வந்தவன் முகத்தைப் பார்க்கட்டும்னு நின்னேன். அப்புறம்தான் பலகையைப் பார்த்தேன். நான் வாங்கிக் கொடுத்த சார்ஜர், அக்கா. மாட்டியிருந்தார். சிவப்பு கிளிப் பேட்டரியில, கறுப்பு வண்டி உடம்புல, எல்லாம் சரியா. ஆனா ஓடலை. கரண்ட் போய் வந்ததும் அமுக்கணும்னு தெரியாம உட்கார்ந்திருக்கார் பாரு, பெரிய எலெக்ட்ரீஷியன்னு சிரிப்பா வந்துது. சந்தோஷமாவும் இருந்துது. அமுக்கினேன். ஃபேன் சத்தத்துக்குக் கண்ணைத் திறப்பார்னு நினைச்சேன். திறக்கலை. சரி, இன்னும் என்னைப் பார்க்கப் பிடிக்கலை போலிருக்குன்னு வந்துட்டேன்."

"கார் கதவைத் திறக்கவே இல்லையா?"

"இல்லை. வெளியிலேயே நின்னேன்."

"தொட்டுக்கூடப் பார்க்கலை?"

"தொட்டிருந்தா தெரிஞ்சிருக்குமே" என்றான்.  "அடக்கத்தன்னைக்கே சொல்லணும்னுதான் வந்தேன். எல்லாரும் வந்து, பாவம், பையன் கடைசியா முகம்கூடப் பார்க்கலைன்னு என்னைக் கட்டிக்கிட்டு அழறாங்க. நான் பார்த்தேன், பக்கத்துல நின்னேன்னு எப்படிச் சொல்றது?"

ஒரு அக்கா அந்த இடத்தில் என்ன செய்வாள்? அறைவாள், அல்லது அணைத்துக்கொள்வாள். டிலியானா இரண்டையும் செய்யாமல் அவனுடைய கோட்டுக் காலரைப் பிடித்தாள்.

"அம்மா என்ன நினைச்சுக்கிட்டிருக்கா தெரியுமா? அப்பாதான் பொத்தானை அமுக்கினார், உயிரோட இருந்தார், தான் கீழே போகாம விட்டுட்டோம்னு தினம் செத்துக்கிட்டிருக்கா. இப்பவே வா. வந்து சொல்லு. நாளைக்கு ஆத்மா போகுதோ இல்லையோ, அம்மா மேல ஏறி உட்கார்ந்திருக்கிறது இன்னைக்கே இறங்கணும்."

அவன் மறுக்கவில்லை. நோட்டீஸை மடித்துப் பைக்குள் வைத்தான். பஸ் ஸ்டாப் கண்ணாடி வெறும் பசையோடு நின்றது.

சமையலறையில் வெலிகா கோதுமையைக் கிண்ணத்தில் குவித்துச் சர்க்கரைப் பொடியைத் தூவிக்கொண்டிருந்தாள். மகன் கோட்டைக் கூடக் கழற்றாமல் அவள் எதிரில் நின்று சொன்னான். ஏழே கால், இருட்டு, மூடிய கண், பொத்தான், ஃபேன் சத்தம். ஒன்றையும் மறைக்கவில்லை.

 வெலிகாவின் கையிலிருந்து சர்க்கரை மட்டும் ஒரே இடத்தில் விழுந்து மேடாகிக்கொண்டிருந்தது.

"பொத்தானை அமுக்கினது நீ" என்றாள் கடைசியில்.

"நான்தான்மா."

"ஏழே காலுக்கே அவர் அசையலை."

"அசையலை."

"மூச்சு?"

"நான் பார்க்கலைம்மா. எனக்குத் தோணலை."

"பார்க்க என்ன இருக்கு? டாக்டர்தான் சொன்னாரே, ஐந்து மணிக்கேன்னு." அவள் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள். டாக்டர் சொன்னதை முப்பது நாளாக நம்பாதவள், இப்போது அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். முகத்தில் ஏதோ தளர்ந்தது. ஆனால் முழுசாகத் தளரவில்லை. இன்னும் ஒன்று பாக்கி இருந்தது.

"அப்போ அந்த ஹாரன்?"

திஹோமிர் நிமிர்ந்தான்.

"ஏழரைக்கு ஒரு தடவை அடிச்சுதே. அது யாரு? ஒருவேளை... திஷோ, நிஜத்தைச் சொல்லு. அது நீதானே?"

  வெலிகாவின் கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது, விரல் நுனிகள் வெளுத்திருந்தன. அவன் அந்த விரல்களைப் பார்த்தான்.

"நான்தான்மா" என்றான். "கிளம்பறப்போ, எழுப்பித்தான் பார்ப்போமேன்னு, ஒரு தட்டு."

வெலிகா எழுந்து அவன் தலையைப் பிடித்துக் கீழே இழுத்து நெற்றியில் முத்தம் கொடுத்தாள். சர்க்கரைக் கை. அவன் தலைமுடியெல்லாம் வெள்ளையானது.

"நீயா?" என்றாள். "நீயாடா? அவர் என்னைக் கூப்பிடலை. கூப்பிடவே இல்லை." சொல்லிச் சொல்லி அழுதாள். ஒன்பதாம் நாளிலிருந்து அழ முடியாமல் வைத்திருந்த அழுகை அத்தனையும் அன்றைக்கு வந்தது. அழுது முடித்து, முகம் கழுவி, பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று கேட்டாள். தானும் அரைத் தட்டு சூப் சாப்பிட்டாள். பிறகு சோபாவில் சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள். டிலியானா கம்பளியைப் போர்த்திவிட்டு நின்று பார்த்தாள். அம்மா குறட்டை விடுவாள் என்பதே அவளுக்கு மறந்திருந்தது.

மாலை நாலரைக்கு அக்காவும் தம்பியும் காப்பியை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனார்கள். காலையில் வைத்த கப் ஆறி, மேலே ஆடை மாதிரி பனி படிந்திருந்தது. டிலியானா அதை எடுத்துவிட்டுப் புது கப்பை வைத்தாள். சார்ஜரில் பச்சை விளக்கு. உள்ளே ஒரு தடவை 'டிக்' என்றது, பேட்டரிக்கு ஒரு வாய் கொடுத்தது, அடங்கியது.

"நாளைக்குப் பூசை முடிஞ்சதும் நீயே கழட்டு" என்றாள் அவள். "நீ வாங்கினது. நீ கழட்டினா அம்மாவுக்கும் நிம்மதி."

"ம்."

"இன்னைக்கு நீ பண்ணினது பெரிய காரியம் திஷோ."

அவன் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளும் பார்த்தாள். மூடிய டிரைவர் கதவு. மேலேற்றிய கண்ணாடி. உள்ளே ஸ்டீயரிங், அதன் நடுவில் வட்டமாக, தேய்ந்து பளபளத்த ஹாரன்.

டிலியானா பழைய கப்பைப் பலகையில் வைத்தாள்.

"திஷோ."

"சொல்லு."

"காலையில என்கிட்ட நீ கதவைத் திறக்கவே இல்லைன்னு சொன்னே."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"வெளியில நின்னுக்கிட்டு ஹாரனை எப்படி அடிச்சே?"

அவன் பைக்குள்ளிருந்து மடித்த நோட்டீஸை எடுத்து, பிரித்து, அப்பாவின் முகத்தைப் பார்த்தான். மறுபடி மடித்தான்.

"நான் அடிக்கலைக்கா" என்றான். "நான் பஸ் ஸ்டாப்புல நின்னுக்கிட்டிருந்தேன். எனக்கும் கேட்டுது."

"கேட்டும்..."

"திரும்பி ரெண்டு அடி வைச்சேன். அதுக்குள்ள பஸ் வந்துடுச்சு."